உப்புக் காற்றும் வட்டு வரிசையும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்றவர்கள் மரக்காணத்து உப்பளங்களைப் பார்த்திருப்பார்கள். சாலையோரத்திலே பளிங்குத் தரை விரித்தாற்போலப் பாத்திகள். வரப்பின் மேல் வெள்ளைக் குவியல்கள். மழைக்கு அஞ்சி ஓலை வேய்ந்து மூடிய அம்பாரங்கள். ஐப்பசி மழை விழுந்துவிட்டால் பாத்தி கரைந்துபோகும். பிறகு தை பிறந்து வெயில் ஏறும்வரை அங்கே வேலை இல்லை. அந்த மழை மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் உதவித்தொகை வழங்கும் ஏற்பாட்டைத் தமிழ்நாடு அரசு சில ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது. இத்தகைய உதவியைக் கேட்டுப் போகிறவர் தாம் உப்பளத்தில் உழைத்தவர் என்பதைக் காட்டியாக வேண்டும். வருகைப் பதிவு, கூலிக் கணக்கு, முன்பணக் கணக்கு, குத்தகைச் சீட்டு ஆகிய இவையே அவருக்குச் சாட்சி.

இச்சாட்சிகள் முன்னெல்லாம் தடித்த அட்டை போட்ட பேரேடுகளில் இருந்தன. இன்று பல இடங்களில் கணினிக்குள் குடியேறிவிட்டன. பேரேட்டைக் கறையான் அரித்தால் பாதி ஏடாவது மிஞ்சும். கணினிக்குள் சுழலும் வட்டு திடீரென்று நின்றுவிட்டாலோ, பெரும்பாலும் ஓர் எழுத்துக்கூட மிஞ்சாது. ஒரு வட்டு நின்றாலும் கணக்கு நில்லாதபடி காக்கும் முறை ஒன்று உண்டு. அதைப் பற்றியும், கடற்கரையில் அதற்கு உள்ள எல்லையைப் பற்றியும் இன்று சொல்ல விரும்புகிறேன். செர்வர்களை அமைத்துக் கொடுப்பது என் தொழில். மரக்காணம் முதல் புதுச்சேரி வரையில் உள்ள கடற்கரை அலுவலகங்கள் சிலவற்றிலும் அவ்வேலையைச் செய்திருக்கிறேன்.

இம்முறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் 'ரெய்டு'. அதைக் கேட்டவுடன் வருமான வரி அதிகாரிகள் வந்துவிட்டார்களோ என்று நம் கணக்குப்பிள்ளைகள் திடுக்கிடுவது உண்டு. அந்த ரெய்டு வேறு, இது வேறு. 'விலை குறைந்த வட்டுக்களை மிகையாக அடுக்கிய வரிசை' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களே இது. 1988-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் என்ற மூவர் வெளியிட்ட கட்டுரையால் இப்பெயர் உலகெங்கும் பரவிற்று. விலை குறைந்தவை என்ற சொல்லை வியாபாரிகள் விரும்பவில்லை போலும். பின்னர் அவ்விடத்தில் 'தனித்தனியான வட்டுக்கள்' என்று பொருள்படும் சொல்லை வைத்துக்கொண்டார்கள்.

அக்கட்டுரையில் ஓர் எளிய கணக்கு வருகிறது. விலையுயர்ந்த பெரிய வட்டு ஒன்றுக்குப் பதிலாகச் சிறிய வட்டுக்கள் நூறு வாங்கிச் சேர்த்தால் வேகம் கிடைக்கும், செலவும் குறையும். ஆனால் ஒரு சிறு வட்டு சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்கும் என்று கொண்டால், நூறு வட்டுக்கள் சேர்ந்த கூட்டத்திலே ஏதேனும் ஒன்று 300 மணி நேரத்துக்கு ஒருமுறை மடிந்துகொண்டிருக்கும். இரண்டு வாரம்கூட ஆகாது! ஆகவே வட்டுக்களைக் கூட்டினால் மட்டும் போதாது; ஒன்று மடிந்தால் மற்றவை அதன் பங்கை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று அவர்கள் கண்டார்கள்.

எப்படி நினைவில் வைப்பது? நேரான வழி ஒன்று உண்டு. ஒரே கணக்கை இரண்டு வட்டுக்களில் எழுதிக்கொள்வது. இதற்குக் கண்ணாடி முறை என்று பெயர். வரிசை எண்களில் இது ரெய்டு 1. எளியது, உறுதியானது; ஆனால் வாங்கிய இடத்தில் பாதிதான் பயன்படும்.

மற்றொரு வழி சற்று நயமானது. சிறுவயதில் நாம் விளையாடிய 'ஒற்றையா, இரட்டையா' விளையாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று பிள்ளைகள் நிற்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு புளியங்கொட்டை இருக்கலாம், அல்லது இல்லாமல் இருக்கலாம். நான்காவதாக ஒருவனை நிறுத்துகிறோம், அவன் கணக்குப்பிள்ளை. மூவரிடமும் உள்ள கொட்டைகள் ஒற்றைப்படையானால் அவன் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வான்; இரட்டைப்படையானால் வெறுங்கையோடு நிற்பான். ஆகவே நால்வர் கையையும் கூட்டினால் எப்போதும் இரட்டைப்படைதான். இப்போது ஒரு பிள்ளை வீட்டுக்கு ஓடிவிட்டான் என்று வையுங்கள். மீந்த மூவரின் கைகளை விரித்துப் பார்க்கிறோம். ஒற்றைப்படை வந்தால் ஓடினவன் கையில் கொட்டை இருந்தது. இரட்டைப்படை வந்தால் இல்லை. ஓடினவன் யாராயினும், கணக்குப்பிள்ளையே ஆயினும், கண்டுபிடித்துவிடலாம். கணினிக்குள் உள்ள எழுத்தும் எண்ணும் படமும் எல்லாமே ஒன்று, சுழி என்ற இரண்டே குறிகளால் ஆனவை அல்லவா? கொட்டை உண்டு என்பது ஒன்று. இல்லை என்பது சுழி. மூன்று வட்டுக்களின் குறிகளுக்கு நான்காவது வட்டில் ஒற்றை இரட்டைக் கணக்கு எழுதிவைத்தால், எந்த வட்டு போனாலும் அதன் குறிகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பெறலாம். கணக்கெழுதும் வேலை ஒரே வட்டின் தலையில் விழாதபடி எல்லா வட்டுக்களுக்கும் அதை மாற்றி மாற்றிப் பங்கிடுவார்கள். இதுவே ரெய்டு 5.

ரெய்டு 6 என்பதில் இந்த ஒற்றை இரட்டைக் கணக்கோடு, வேறு கணித முறையில் இரண்டாவது சாட்சி ஒன்றையும் எழுதுவார்கள். 1960-இல் ரீட், சாலமன் என்னும் இரு அமெரிக்கர்கள் வெளியிட்ட குறிமுறை இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. எந்த இரண்டு வட்டுக்கள் ஒரே சமயத்தில் மடிந்தாலும் கணக்கு பிழைக்கும். ரெய்டு 0 என்றும் ஒன்று உண்டு. அதில் வேகத்துக்காக வட்டுக்களில் கணக்கைப் பங்கிட்டு எழுதுவார்களே ஒழிய, சாட்சி எதையும் எழுதமாட்டார்கள். ஒரு வட்டு போனால் எல்லாம் போயிற்று. கூலிக் கணக்குக்கு அது ஆகாது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி வரும். ஒவ்வொன்றும் 4 டெராபைட் கொள்ளும் நான்கு வட்டுக்கள் இருப்பதாகக் கொள்வோம். ரெய்டு 5-இல் 12 டெராபைட் கிடைக்கும். ரெய்டு 6-இலும், இரண்டிரண்டாகக் கண்ணாடி முறையில் இணைக்கும் ரெய்டு 10-இலும் 8 டெராபைட்தான். கடைக்காரர் 12 என்ற எண்ணைக் காட்டி நம்மை மயக்குவார். மயங்கவேண்டா! ஒரு வட்டு மடிந்து, புது வட்டைச் செருகியபின், மீந்த மூன்று வட்டுக்களையும் தலைமுதல் கால்வரை படித்தால்தான் ரெய்டு 5-இல் புது வட்டை நிரப்ப முடியும். அதாவது 12 டெராபைட் படிக்க வேண்டும். சாதாரண வட்டுக்களின் விவரக் குறிப்பிலே, நூறு லட்சம் கோடி குறிகளைப் படிக்கும்போது படிக்க முடியாத இடம் ஒன்றுக்கு மேல் இராது என்று போட்டிருப்பார்கள். அது ஏறக்குறைய 12½ டெராபைட். பல வட்டுக்கள் இதைவிட நன்றாகவே உழைக்கின்றன என்பது உண்மை. ஆயினும் உறுதிமொழியின் விளிம்பிலே நின்றுகொண்டு நாம் கணக்கை மீட்கிறோம் என்பதை மறக்கலாகாது. நேரமும் சிறிதன்று. நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் இடைவிடாது எழுதினாலும் 4 டெராபைட்டை நிரப்ப ஏழரை மணி நேரம் ஆகும். செர்வர் தன் அன்றாட வேலையையும் பார்த்துக்கொண்டு எழுதினால் ஒரு நாளும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம்.

ரெய்டு 10-இல் இந்தத் தொல்லை குறைவு. மடிந்த வட்டின் இணையை மட்டும் படித்தால் போதும். எழுதும் வேகமும் அதிகம். ஆனால் மீந்திருக்கும் அந்த ஒரே இணையும் போய்விட்டால் மீட்சி இல்லை. நான்கு வட்டுக்கள் உள்ள சிறு அலுவலகத்துக்கு, அதுவும் கடற்கரையில், நான் ரெய்டு 6 என்றே சொல்வேன். ஒரு சிறு பதிவைத் திருத்துவதற்குக்கூட அதில் ஆறுமுறை வட்டைத் தொட வேண்டும். கண்ணாடி முறையில் இரண்டு முறை போதும். இருக்கட்டுமே! உப்பளக் கணக்கு என்ன, ரயில்வே முன்பதிவு நிலையமா?

இக்கணக்கையெல்லாம் செய்வதற்குச் செர்வரிலே தனி அட்டை ஒன்று இருக்கும். ரெய்டு கார்டு என்பார்கள். அதற்கென்று ஒரு சிறு செயலியும், தற்காலிக நினைவகமும் உண்டு. செர்வரை இயக்கியவுடன், மற்ற மென்பொருள்கள் விழித்தெழுமுன், குறித்த விசையை அழுத்தினால் கார்டின் பட்டியல் திரையில் வரும். எந்தெந்த வட்டுக்கள், எந்த வகை, ஒரு தடவைக்கு எவ்வளவு துண்டாகப் பங்கிடுவது என்று அதில் குறித்துவிட்டுத் தொடக்கச் சடங்கை நடத்த வேண்டும். அச்சடங்கிலே 'விரைவு' என்றும் 'முழுமை' என்றும் இரண்டு உண்டு. பொறுமையோடு முழுமையைத் தேர்ந்தெடுப்பது நன்று. வட்டிலே படிக்க முடியாத இடம் இருந்தால் கணக்கு ஏறுமுன்பே தெரிந்துவிடும். பிறகு ஒவ்வொரு வட்டின் முகத்திலும் அதன் வரிசை எண்ணை அழியாத மையால் எழுதி ஒட்டுவேன். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். ஆனால் பதற்றமான வேளையில், மடிந்த வட்டை விட்டுவிட்டு உயிரோடு இருக்கும் வட்டை உருவி எடுத்தவர்கள் பலர்.

கார்டிலுள்ள தற்காலிக நினைவகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எழுதச் சொன்ன கணக்கை அது முதலில் தன்னிடம் வாங்கி வைத்துக்கொண்டு, 'எழுதிவிட்டேன்' என்று சொல்லிவிடும். வட்டில் எழுதுவது அதற்குப் பிறகுதான். வேகத்துக்காகச் செய்யும் இந்தச் சிறு பொய், மின்சாரம் இருக்கும்வரை தீங்கில்லாதது. மின்சாரம் நின்றால் கையில் இருந்ததைக் காப்பதற்குச் சில கார்டுகளில் ஒரு பாட்டரி இருக்கும். அது பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாள் தாங்கும். நகரத்து அலுவலகத்துக்கு இது தாராளம். நம் கரைக்கோ? 2011 டிசம்பர் 30-ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயலுக்குப் பின் எத்தனை ஊர்கள் பல நாட்கள் இருளில் கிடந்தன! ஆகையால், மின்சாரம் நின்ற கணத்திலேயே நினைவகத்தில் உள்ளதை மின்சாரமின்றி நிலைக்கும் சில்லுக்கு மாற்றிவிடும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். விலை சற்றுக் கூடும். அது கிடைக்காவிட்டால், வட்டில் எழுதிய பின்னரே 'எழுதினேன்' என்று சொல்லும்படி கார்டை அமைத்துவிடலாம்.

இனி உப்புக் காற்றுக்கு வருவோம்.

மாரிக்காலத்தில் சமையலறை உப்புச்சாடி நீர் கோத்துக்கொள்வதை எல்லா இல்லத்தரசிகளும் அறிவார்கள். தூய சோற்றுப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவிகிதத்தை எட்டும்போதுதான் நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். ஆனால் கடலுப்பிலே மக்னீசியம் குளோரைடு என்னும் கசப்பு உப்பும் கலந்திருக்கிறது. பாத்தியில் உப்பு விளைந்தபின் மிஞ்சி நிற்கும் கசப்பு நீரில் இருப்பது பெரும்பாலும் இதன் கூட்டமே. இந்தக் கசப்பு உப்போ 33 சதவிகித ஈரத்திலேயே நீரை இழுத்துவிடும். மரக்காணத்துக் கடற்காற்று அந்த அளவுக்குக் கீழே வறண்டு போவது அருமையிலும் அருமை. ஆகவே திறந்த ஜன்னல் வழியாக வந்து மின்சுற்றுப் பலகையின் மேல் படியும் கண்காணாத உப்புத் துகள் காய்வதே இல்லை. செப்புக் கம்பிகளுக்கு இடையே ஈரப் பாலம் போட்டுக்கொண்டு அரித்துக்கொண்டே இருக்கிறது.

வட்டு மூடிய பெட்டிதானே, அதற்கென்ன என்று கேட்கலாம். சாதாரண வட்டுக்கு ஒரு மூச்சுத் துளை உண்டு. அதில் வடிகட்டியும் உண்டு. 2013 முதல் ஹீலியம் வாயு அடைத்து முழுதும் மூடிய வட்டுக்களும் வந்துள்ளன. ஆனால் வட்டின் அடியில் ஒட்டியிருக்கும் மின்சுற்றுப் பலகையும், அதைச் செர்வரோடு இணைக்கும் பற்களும் வெளியேதானே இருக்கின்றன? மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ஒன்பது தரவு நிலையங்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுக்களைக் கவனித்து 2016-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. வெப்பத்தைக் காட்டிலும் ஈரப்பதமே வட்டுக்களின் அழிவுக்கு மிகுந்த காரணமாகத் தெரிகிறது என்று அதிலே சொன்னார்கள். பழுதானவை பெரும்பாலும் சுழலும் தட்டுக்கள் அல்ல, அவற்றை ஆளும் மின்சுற்றும் இணைப்புமே என்றும் கண்டார்கள்.

ஒரு வட்டு இன்று போகும், மற்றொன்று பல ஆண்டுகள் கழித்துப் போகும் என்ற நம்பிக்கையின் மீதுதான் வட்டு வரிசை முழுவதும் நிற்கிறது. நான்கு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் ஓடிவிட்டால் ஒற்றையும் இரட்டையும் நமக்கு எதைச் சொல்லும்? ஒரே நாளில் வாங்கிய, ஒரே தொழிற்சாலையில் ஒரே வாரத்தில் செய்த நான்கு வட்டுக்கள், ஒரே பெட்டியில், ஒரே உப்புக் காற்றைச் சுவாசித்துக்கொண்டு இருக்கின்றன. அவற்றின் சாவும் அடுத்தடுத்து வருவதில் வியப்பில்லை. 2007-இல் ஷ்ரோடரும் கிப்சனும் ஏறக்குறைய ஒரு லட்சம் வட்டுக்களின் பதிவேடுகளை ஆராய்ந்து, உற்பத்தியாளர்களின் குறிப்பின்படி ஆண்டுக்கு நூற்றில் ஒன்றுகூட மாற்ற வேண்டியிராத வட்டுக்களில், உண்மையில் இரண்டு முதல் நான்கு வரை மாற்றப்படுவது சாதாரணம் என்று காட்டினார்கள். ஒரு வட்டு போனபின் மற்றொன்று போவது முற்றிலும் தற்செயலானதன்று என்பதையும் அவர்கள் கண்டார்கள். அந்த கிப்சன், 1988-ஆம் ஆண்டுக் கட்டுரையை எழுதிய மூவருள் ஒருவர்தாம்.

ஆகவே கடற்கரையில் நான் செய்யும் முதல் வேலை கார்டைத் திறப்பதன்று, ஜன்னலை அடைப்பதுதான். அறை சிறிதாக இருக்கட்டும், இடுக்குகள் அடைபட்டிருக்கட்டும். பகலில் குளிர்சாதனத்தை ஓட்டி இரவில் நிறுத்தும் சிக்கனம் இங்கே உதவாது. நிறுத்தியவுடன் ஈரக்காற்று புகுந்து, குளிர்ந்த உலோகத்தின் மேல் பனியாகப் படியும். வட்டுக்களை இரண்டு கடைகளில், இரண்டு தவணைகளாக, வேறு வேறு தயாரிப்புத் தேதி பார்த்து வாங்கச் சொல்வேன். அறைக்குள் பளபளவென்று தேய்த்த செப்புத் தகடு ஒன்றைத் தொங்கவிடுவேன். கணினி அறைகளுக்கென வகுத்த ஒரு தரக்குறிப்பின்படி, ஒரு மாதத்தில் செம்பின் மேல் வளரும் அரிப்புப் படலம் 300 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் அந்தக் காற்று சாதுவானது. ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. அதை அளக்க ஆய்வுக்கூடம் வேண்டும்தான். ஆனால் மாதத்துக்குள் தகடு கருத்துப்போனால், காற்று சாதுவன்று என்பதைக் கண்ணே சொல்லிவிடும்.

வட்டு மடிந்தால் கார்டு கூவும். முகப்பில் செந்நிற விளக்கு எரியும். கடற்கரைச் சாலையில் ஓர் அலுவலகத்தில், அந்தக் கூவல் தொல்லையாக இருக்கிறதென்று யாரோ அதன் வாயை அடைத்துவிட்டார்கள். செர்வர் வழக்கம்போல் வேலை செய்தது; அதுதான் இம்முறையின் அருமையும் அபாயமும். நான்கு மாதம் கழித்து இரண்டாவது வட்டும் போயிற்று. அது ரெய்டு 5. அதன்பின் என்னை அழைத்தார்கள். அவ்வாண்டுக் கணக்கில் நான் மீட்டுக் கொடுக்கக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை. கூலிச் சீட்டுக்களைப் பெண்கள் வீட்டுப் பெட்டிகளிலிருந்து தேடி எடுத்துவர, அவற்றைக் கொண்டு கணக்கை மறுபடி எழுதினார்கள். சீட்டு வைத்திருந்தவர்களுக்குக் கணக்கு கிடைத்தது. ஆகையால் இப்போது கூவலோடு, பொறுப்பாளர் மூவரின் கைப்பேசிக்கு அஞ்சல் போகும்படியும் அமைத்துவிடுகிறேன். மாற்று வட்டு ஒன்றை, உறை பிரிக்காமல், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு அலமாரியில் வைக்கச் சொல்கிறேன். கணக்கு ஏறுமுன் ஒருநாள், எல்லோரும் பார்க்க, நானே ஒரு வட்டை உருவி எடுத்து, கூவலைக் கேட்கச் செய்து, மாற்றைச் செருகிக் காட்டுவதும் உண்டு.

கார்டே கெட்டுப்போனால்? வரிசையின் அமைப்பு வட்டுக்களிலும் எழுதப்பட்டிருக்கும். அதே இனத்தைச் சேர்ந்த வேறு கார்டைப் பொருத்தினால், 'இங்கே அயல் அமைப்பு ஒன்று தெரிகிறது; ஏற்றுக்கொள்வதா, அழிப்பதா?' என்று கேட்கும். அயல் என்ற சொல்லைக் கண்டு வெருண்டு அழிப்பதை அழுத்திவிடாதீர்கள். அந்த அயலார்தாம் நம்முடைய கணக்கு.

இவ்வளவு காவல் இருந்தும், வட்டு வரிசை கணக்குக்குப் பிரதி ஆகாது. எழுத்தர் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால், நான்கு வட்டுக்களும் ஒரே கணத்தில் கீழ்ப்படிந்து அழித்துவிடும். கோப்புக்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய மென்பொருள் புகுந்தாலும் அப்படியே. வெள்ளமோ, வட்டை எண்ணிப் பார்ப்பதில்லை. 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. மரக்காணத்துப் பாத்திகள் எது, வரப்பு எது என்று தெரியாமல் ஏரியாகக் கிடந்தன. தரையோடு வைத்த செர்வர் அத்தகைய இரவில் என்ன ஆகும்? உப்பு விளைவிப்போர் அம்பாரத்தை மேட்டிலே கட்டுவதுபோல், செர்வரையும் மேசையளவு உயரத்துக்கு ஏற்றி வைக்க வேண்டும். பிரதியை உள்நாட்டுக்கு அனுப்பிவிட வேண்டும்.

மரக்காணத்தார்க்கு உள்நாடு என்றால் திண்டிவனம். அங்கே நம்பிக்கையான ஓர் அலுவலகத்தில் ஒரு பிரதி இருக்கட்டும். வாரந்தோறும் கையடக்க வட்டு ஒன்றில் கணக்கை எடுத்துப் பேருந்திலே கொண்டுபோகலாம். இணையத்தின் வழியாகவும் அனுப்பலாம். கையடக்க வட்டு இரண்டாக இருந்து, ஒன்று போகும்போது மற்றொன்று திரும்பி வருவது நல்லது. எடுத்த வட்டைச் செர்வரோடு இணைத்தே வைத்திருக்கலாகாது. மாதத்துக்கு ஒருமுறை அங்கே உள்ள பிரதியைத் திறந்து, ஏதேனும் ஒரு பழைய மாதத்தின் கூலிக் கணக்கில் ஒரு தொழிலாளியின் பெயரைத் தேடச் சொல்கிறேன். பெயர் கிடைத்தால், அவர் வேலை செய்த நாட்களை மரக்காணத்துக் கணக்கோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்வார்கள். அடுத்த மாதம் வேறொரு பெயர்.